மூன்றடியில் பாறை

கார்த்திகை மழையில்
வாஷிங் மெஷின் மூடியைத் தொட்டபோது
விரலுக்குள் எறும்பு ஊர்ந்தது.
கடிக்கவில்லை. ஊர்ந்தது, அவ்வளவுதான்.

"செருப்புப் போட்டுக்கிட்டுத் துவை" என்றார் திம்மராயன்.
ஓசூர் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவு அவருக்கு.
பத்தொன்பது மெஷினுக்கு
எண்ணெய், பெல்ட், போல்ட்டு, தேதி, கையெழுத்து.
கேட்டருகே பலகை:
விபத்தில்லா நாட்கள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
வீட்டில்
குளியலறை ஸ்விட்சுக்குச் செல்லோடேப்.

நான் மாதேஷைக் கூப்பிட்டேன்.
குழாயில் டெஸ்டரை வைத்தான்.
மங்கலாய் எரிந்தது.
"எர்த்து எங்கக்கா?"
தேடினோம்.
மீட்டருக்குப் பின்னால் ஒரு கம்பி
சுவரோரம் இறங்கி
மண்ணைத் தொடாமலே நின்றிருந்தது,
பந்திக்கு வந்து இலை கிடைக்காதவனைப் போல.
வீடு கட்டிப் பதினொரு வருடம்.

பழையபேட்டையில் பள்ளம் தோண்டுவது லேசில்லை.
மூன்றடியில் கடப்பாரை கணீரென்றது.
மலைக்கோட்டைப் பாறையின் வால்
எங்கள் வீட்டுக்கடியில்தான் படுத்திருக்கிறது போல.
"கல்லுக்குள்ள கரண்டு இறங்காது.
அதுக்குக் குடிக்க ஈரம் வேணும்" என்றவன்
பாறையை விட்டுத் தள்ளி இன்னொரு குழியெடுத்தான்.
கரி ஒரு வரிசை, கல்லுப்பு ஒரு வரிசை,
ஊறுகாய் ஜாடி நிரப்புகிறவன் கணக்காக.
"வெயில் காலத்துல வாரம் ரெண்டு குடம் ஊத்துக்கா.
மறந்துட்டா இது வெறும் இரும்பு."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என் வேலை அது.
சித்திரையில் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி
அதில் இரண்டு குடத்தைக்
கம்பிக்கு ஊற்றுகிறவளைத்
தெரு பார்க்கத்தானே செய்யும்?
"என்ன செடிம்மா?" என்றார் மாடிவீட்டு ஷாஹிதா.
"எர்த்துங்கக்கா."
"பூக்குமா?"
"பூத்தா தப்புங்க."

ஒன்றும் நடக்காததுதான் அதன் காய்.
அதை யாருக்கும் பறித்துக் காட்ட முடிவதில்லை.
நடந்திருந்தால்
ஊரே வந்திருக்கும்,
மாலையோடு.

மாதம் பிறந்தால் முதல் தேதி
ஸ்டூல் போட்டு ஏறி
டிரிப்பரின் சின்னப் பொத்தானை அழுத்துகிறேன்.
டப்.
ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்கிறது.
ஃப்ரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்குகிறது.
கடைசி ஓவரில் இருந்த கௌசிக்
கூடத்திலிருந்து கத்துகிறான்.
எனக்கு அந்த இருட்டு பிடிக்கும்.
வீடு ஒரு முறை செத்துக் காட்டி
"எனக்குத் தெரியும், நீ போய்த் தூங்கு" என்கிறது.

அதே கையோடு கேஸ் டியூபைத் திருப்பிப் படித்தேன் ஒரு நாள்.
அதன் மேல் அச்சடித்த வருடம்
எப்போதோ முடிந்திருந்தது.
அந்த அடுப்பில்தான்
மாங்காய் சீசன் முழுக்க ஊறுகாய் தாளித்தேன்,
பொங்கலுக்கு விடிய விடிய முறுக்குச் சுட்டேன்.
நினைத்தால் இப்போது முழங்கால் நடுங்குகிறது.
அப்போது நடுங்கவில்லை.

"நம்ம வீட்டுக்கும் ஒரு பலகை வைக்கலாமா?"
கேட்டேன். சிரித்தார்.
"எந்த நாள்லேர்ந்து எண்ணுவ?"
பதில் தெரியவில்லை.
எறும்பு ஊர்ந்த அன்றிலிருந்தா,
கம்பி மண்ணைத் தொட்ட அன்றிலிருந்தா?
அதற்கு முந்தைய பதினொரு வருடத்தை
எந்தக் கணக்கில் எழுதுவது?
குளியலறை ஸ்விட்சில்
இன்னும் செல்லோடேப்தான்.

அக்னி வெயிலில் ஒரு விடியல்.
நைட் ஷிப்ட் முடிந்து
கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்
உள்ளே வரக் காணோம்.
ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
பையிலிருந்து பாட்டிலை எடுத்து
மிச்சமிருந்த தண்ணீரைக் குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்,
கடைசிச் சொட்டு வரை குலுக்கி.
அரை லிட்டர்கூட இருக்காது.
மண் அதை உறிஞ்சிய சத்தம்
எனக்குக் கேட்டது.

"போதாது" என்றேன் உள்ளிருந்து.
"தெரியும்" என்றார்,
குடத்தைத் தேடிக்கொண்டே.